வெந்நீர் அலமாரியில் ஆறு புட்டிகள்

தென்கோளத்தில் ஜூலைதான் நடுக்குளிர்காலம்; அது பிறந்துவிட்டால் எங்கள் ஊரான நேஸ்பியில் பனிக்கட்டியின் தடிமனைத் தவிர வேறு பேச்சு இராது. அணை நீர் ஆள் நிற்கும் அளவுக்கு உறைந்துவிட்டதென்று பனி விளையாட்டுக் கழகம் அறிவித்த அன்றே, ஆடு வளர்ப்பவரும் அஞ்சல் கொடுப்பவரும் அன்றாட வேலையைப் போட்டுவிட்டு, ஆட்டத்தில் பனிமீது தள்ளும் கருங்கற்களையும் அவற்றின் பாதையைத் துடைக்கும் துடைப்பங்களையும் ஏற்றிக்கொண்டு ஐடாபர்ன் அணைக்குப் போய்விடுவர். அவ்வறிவிப்பு எந்நாள் வரும் என்பதை எவராலும் கூற இயலாது. அதற்குள் என் பீர் ஆயத்தமாகிவிட வேண்டும் என்று நான் கொண்ட அவசரமே பின்னர் நேர்ந்த அனைத்திற்கும் காரணம்.

அது கரிய நிறமுடைய குளிர்காலப் பீர். கொட்டகையில் இருந்த பெரிய கலத்தில் முதல் ஐந்து நாள்கள் நன்றாகவே நுரைத்தது. ஆறாம் நாள் உறைபனி இறங்கியது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்னக் குறையும் அடர்த்தியை அளக்கும் கண்ணாடிக் கோலை மிதக்கவிட்டுப் பார்த்தேன். ஆயிரத்து இருபத்து நான்கு. மறுநாளும் அதுவே, அதற்கு மறுநாளும் அதுவே. மூன்று நாள்கள் அளவு மாறாவிடில் நொதித்தல் முடிந்ததென்று கொள்ளலாம் என்பது வீட்டில் பீர் காய்ச்சுவோர் அனைவரும் அறிந்த விதி. நான் அவ்விதியைப் பின்பற்றினேன். ஆயின், ஆயிரத்துப் பன்னிரண்டுக்கு இறங்க வேண்டிய பீர் பாதி வழியில் ஏன் நின்றது என்று நான் என்னையே வினவவில்லை.

புட்டியில் அடைக்கும் நாளில் நண்பர் இருவரைச் சுவை பார்க்க அழைத்தேன். ஒருவன் லாக்லன், ஆட்டுப் பண்ணை வைத்திருப்பவன், என்னைப் போலவே பீர் காய்ச்சுபவன். மற்றவள் எங்கள் ஊரில் அஞ்சல் கொடுக்கும் ஜோனி. லாக்லன் கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் பருகிவிட்டு நாவால் உதட்டைத் துழாவினான்.

"ஆர்ச்சி, இனிப்பு கொஞ்சம் தூக்கலா இல்ல? இன்னும் முடியலயோ என்னமோ."

"போன வருஷம் நாப்பது லிட்டர் வினிகர் காய்ச்சினவன் சொல்றான், கேட்டுக்க ஜோனி!" என்றேன்.

ஜோனி சிரிப்பில் புரையேறி மேசையைத் தட்டினாள். லாக்லனும் சிரிப்பது போல வாயைக் கோணினான். கோப்பையை மேசைமீது வைத்துவிட்டான்.

நுரை பிடிப்பதற்காக வழக்கப்படி ஒவ்வொரு புட்டியிலும் ஒரு கரண்டி சர்க்கரை இட்டு மூடினேன். ஆளுக்கு ஆறு புட்டிகள் கொடுத்து, எனக்கும் ஆறு எடுத்து என் வீட்டு வெந்நீர் அலமாரியில் வைத்தேன். "வெந்நீர் அலமாரியில வைங்க. ஒரு வாரத்துல காத்து பிடிச்சிடும்" என்று நானே சொல்லியனுப்பினேன். இக்குளிரில் எங்கள் வீடுகளில் இரவும் பகலும் சூடு குறையாத இடம் அது ஒன்றே. கொதிகலனை ஒட்டித் துண்டுகளும் காலுறைகளும் காயும் இடம்.

புட்டிகளை அடைத்த எட்டாம் நாள் காலை கழகத்தின் அறிவிப்பு வந்தது. நான் மேற்சட்டைக்குப் பொத்தானிட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி ஐலா துண்டு எடுப்பதற்காக அலமாரியின் கதவைத் திறந்தாள். துப்பாக்கி வெடித்தாற்போன்ற ஓசை கேட்டது, உடனே மற்றொன்று. ஓடிச் சென்று பார்த்தபோது அவள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். இடக்கண்ணுக்கு இரண்டு விரற்கடை கீழே கன்னம் பிளந்திருந்தது. கரிய நுரையும் குருதியும் கலந்து கழுத்தில் வழிந்தன.

"கண்ணு இருக்கா பாரு," என்றாள்.

"இருக்கு. இருக்கு ஐலா."

ரான்ஃபர்லி மருத்துவமனைக்கு வண்டியை ஓட்டிச் செல்லுகையில்தான் என் அறிவு விழித்தது. ஈஸ்ட் வேலையை முடித்திருக்கவில்லை. குளிரில் உறங்கிக் கிடந்தது. நான் அதற்கு மேலும் சர்க்கரை ஊட்டி, வெப்பத்தில் வைத்து எழுப்பிவிட்டேன். என் வீட்டில் மட்டுமன்று.

செவிலியர் ஊசியை எடுத்துக்கொண்டிருந்தபோது நான் லாக்லனையும் ஜோனியையும் மாறி மாறி அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. பனிமீது ஆடச் செல்பவர்கள் கைப்பேசியை வண்டியிலேயே விட்டுச் செல்வார்கள்.

"இங்க நின்னு என் கையப் பிடிச்சு என்ன ஆகப்போகுது?" என்றாள் ஐலா. "போய்யா. அவங்க கதவத் திறக்கறதுக்குள்ள போ."

லாக்லனின் வீடு அணைக்குச் செல்லும் வழியிலேயே இருந்தது. நல்வாய்ப்பாக அவன் வண்டி வாசலில் நின்றது; மறந்த துடைப்பத்தை எடுக்க அணையிலிருந்து வந்திருந்தான். நான் கதவைத் தட்டாமலே நுழைந்து, நேரே வெந்நீர் அலமாரிக்கு ஓடி, அதன் முன் நின்றேன். திறக்க அஞ்சினேன்.

"அங்க இல்ல," என்றான் லாக்லன், என் பின்னால் நின்று.

"எங்க?"

"கம்பளிக் கொட்டகையில. இரும்புப் பீப்பாய்க்குள்ள போட்டு, மேல ரெண்டு மூட்டை கம்பளிய ஏத்தி வச்சிருக்கேன். கொண்டு வந்த அன்னிக்கே." பிறகு என் சட்டையைப் பார்த்தான். "அது யாரு ரத்தம்?"

"ஐலா."

அவன் நாற்காலியில் அமர்ந்துவிட்டான்.

"தெரிஞ்சிருந்தா ஏன்டா சொல்லல?"

"சொன்னேனே. நீதான் வினிகர்னு சொல்லிச் சிரிச்ச."

"இன்னொரு தடவ சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருக்கலாம்." தன் கைகளையே பார்த்துக்கொண்டு பேசினான். "அலமாரியெல்லாம் நுரையாகி, ஐலா உன்னை நாலு திட்டுத் திட்டுவான்னு நெனச்சேன். நெனச்சு நெனச்சு சிரிச்சேன். கண்ணாடிய நெனக்கல, ஆர்ச்சி. சத்தியமா நெனக்கல."

"ஜோனிகிட்ட சொன்னியா?"

அவன் தலை நிமிர்ந்தது. "இல்ல. அரைமணிக்கு முன்னாடி பனி ஓரத்துல கால விட்டுட்டா. முழங்கால் வரைக்கும் நனைஞ்சுபோச்சு. காஞ்ச காலுறை எடுக்கணும்னு வீட்டுக்குக் கெளம்பினா."

ஜோனியின் வீடு நான்கு கிலோமீட்டர் தொலைவு. உறைந்த சாலையில் நான் அத்தனை வேகமாக ஒருநாளும் ஓட்டியதில்லை. லாக்லன் பக்கத்தில் அமர்ந்து முன்பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அவள் அடுக்களையில், எரியும் விறகடுப்பின் முன் கால்களை நீட்டி அமர்ந்திருந்தாள். காய்ந்த காலுறை அணிந்திருந்தாள். அலமாரியை அவள் ஏற்கெனவே திறந்து மூடியாயிற்று. மேசைமீது என் புட்டிகளுள் ஒன்று இருந்தது. கையில் மூடி திறக்கும் கருவி.

"என்னடா, ரெண்டு பேரும் ஒண்ணா வர்றீங்க? யாராவது செத்துட்டாங்களா? வாத்தியாரே, சரியான நேரத்துல வந்த, உன் சரக்கத்தான்..."

"தொடாத ஜோனி. எழுந்திரு. மெல்ல எழுந்து வெளிய போ."

என் குரலைக் கேட்டு அவள் வாதிடாமல் எழுந்தாள். நான் அடுப்பருகே கிடந்த தோல் கையுறைகளை அணிந்து, தடித்த கம்பளியை அப்புட்டிமீது போர்த்தி, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினேன். வெதுவெதுப்பாக இருந்தது. அலமாரியில் எஞ்சிய ஐந்தையும் லாக்லன் எடுக்க முன்வந்தான். நான் விடவில்லை. ஒவ்வொன்றாக நானே எடுத்துச் சென்று முற்றத்துக் குப்பைத் தொட்டியில் இறக்கினேன். நான்காவதை இறக்கித் திரும்பியபோது தொட்டிக்குள் ஒன்று வெடித்தது. தகரம் அதிர்ந்தது. எவரும் சிரிக்கவில்லை.

ஆறாவதையும் இறக்கி மூடியை அழுத்திவிட்டு, நான் ஜோனியிடம் நடந்ததைக் கூறினேன். அளவு நின்றதை, நான் வினவாததை, ஐலாவின் கன்னத்தை. லாக்லனைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. அவனே கூறினான். ஜோனி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போங்க ரெண்டு பேரும்," என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாலையில் ஐலாவை அழைத்து வந்தேன். கன்னத்தில் பதினோரு தையல். சுவரில் கரிய கறை அப்படியே இருந்தது. அலமாரியில் வெடிக்காமல் எஞ்சியிருந்த நான்கையும் தொட்டியில் இறக்கிவிட்டு, நான் ஈரத் துணியால் துடைக்கத் தொடங்கினேன்.

"ஜோனி வீட்ல?" என்று உதடு அசையாமல் கேட்டாள்.

"ஒண்ணு வெடிச்சது. தொட்டியில. யாருக்கும் ஒண்ணுமில்ல."

"லாக்லன் வீட்ல?"

"ஒண்ணும் வெடிக்கல."

"அதெப்படி?"

துணியைப் பிழிந்தேன். அவன் அறிந்தும் மறைத்ததை முதலில் கூறலாம்; அது பொய்யன்று. ஐலா ஒற்றைக் கண்ணால் என்னை நோக்கிக் காத்திருந்தாள். மற்றது வீங்கி மூடியிருந்தது.

"அன்னிக்கே இனிப்பா இருக்குன்னு சொன்னான்," என்றேன். "நான்தான் ஜோனி முன்னாடி அவன கேலி பண்ணி வாய அடைச்சேன்."

அவள் எழுந்து வந்து என் கையிலிருந்த துணியை வாங்கி, எனக்கு எட்டியும் நான் காணாதிருந்த இடத்தில், கதவின் மேற்சட்டத்தில், தெறித்திருந்த கறையைத் தானே துடைக்கலானாள்.