தகவலாளி நான்கு

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையிலுள்ள அந்தக் கல்லூரியில் முதலாண்டு மாணவிகள் உள்ளூரானாலும் விடுதியில்தான் தங்க வேண்டும்; துறைக்கு ஒரு விடுதி. மொழி இல்லத்தில் இருபது பேர், பெரும்பாலும் வெளியூர் நகரத்துப் பெண்கள்; மாடியில் அறைகள், கீழே வகுப்பு. செங்கோட்டை முத்துவடிவுக்கும் பெங்களூரில் வளர்ந்த அனன்யாவுக்கும் ஒரே அறை.

முத்துவடிவு வாயைத் திறந்தாலே மற்றவர்கள் சிரித்தார்கள். அனன்யா மட்டும் சிரிக்கவில்லை. "உன் பேச்சு எவ்ளோ அழகா இருக்கு! நீ பாட்டுக்குப் பேசு, நான் ப்ராஜெக்டுக்கு ரெக்கார்ட் பண்ணிக்கறேன்" என்றாள். முத்துவடிவுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் நீட்டிய சம்மதப் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

அருவிக்கு நடக்கும்போதும் மெஸ்ஸில் சாப்பிடும்போதும் பேசினாள்; அனன்யாவின் போன் பதிவு செய்துகொண்டே இருந்தது. சாமான்களின் பெயர், சமையல், சடங்கு எல்லாம் தீர்ந்தபின் ஒரு நாள் அனன்யா, "உங்கப்பா?" என்று கேட்டாள்.

"பேக்கரி வேலைக்குப் புனலூர் போனாருல்லா, அங்கனயே ஒரு சேச்சியக் கட்டிக்கிட்டாரு. எங்கம்மை இந்தச் சேதிய வெளிய விடமாட்டா. தெருவுல கேட்டா துபாய்ல இருக்காருன்னு சொல்லுதா."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. இனி இவள்தான் தனக்கு எல்லாம் என்று நினைத்தாள்.

பெற்றோர் தினத்தன்று அம்மா இராமலட்சுமி பக்கத்து வீட்டு மூக்கம்மாளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கீழ்த்தளத்தில் மாணவிகளின் ப்ராஜெக்ட் கண்காட்சி. முதல் பரிசு பெற்ற அனன்யாவின் மேசையில் ஹெட்போனை எடுத்து மாட்டிய மூக்கம்மாள், "ஏட்டி, நம்ம வடிவு கொரலுல்லா!" என்று சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வற்றிவிட்டது. ஹெட்போனைக் கழற்றி இராமலட்சுமியிடம் கொடுத்தாள்.

மறுபடி முதலிலிருந்து ஓடிய பதிவை அம்மா கடைசிவரை கேட்டாள். பிறகு மெதுவாக அதை மேசையில் வைத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று நடந்தாள். மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"உன் பேரே போடலையே, தகவலாளி நாலுன்னுதான இருக்கு" என்றாள் அனன்யா. "ஃபார்ம்ல நீயும் சைன் பண்ணியிருக்க."

"எங்கம்மைக்கு என் கொரலு தெரியாதாட்டி?"

முத்துவடிவு அறை மாற்றிக் கேட்டபோது விடுதிப் பொறுப்பாசிரியை, "அனுசரிச்சு வாழக் கத்துக்கத்தாம்மா இந்த இல்லமே" என்று அனுப்பிவிட்டார். அதே அறையில் எதிரெதிர்க் கட்டிலில் இருவரும் முதுகு காட்டி உட்கார்ந்து படித்தார்கள்.

பத்து நாள் கழித்து அம்மா போன் செய்தாள்.

"மூக்கம்மா தெரு முழுக்கச் சொல்லிட்டா. இனிமே துபாய்னு சொல்ல வேண்டாம், ஒரு வேலை மிச்சம்."

"எம்மா, நான்..."

"பொங்கலுக்கு இங்கன வர வேண்டாம். வந்தா நாலு பேரு உன்கிட்ட கேப்பாவ, நீயும் சொல்லுவ. அங்கனயே இரி."

அம்மா போனை வைத்துவிட்டாள். பொங்கலுக்கு விடுதியில் தங்குபவர்கள் பட்டியலில் முத்துவடிவு தன் பெயரை எழுதினாள். அதில் வேறு பெயர் எதுவும் இல்லை.