எடிக்கு வாங்கிய கையெழுத்து

விளையாட்டுக்காரர்களின் கையெழுத்து அசலா போலியா என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. தீர்ப்பை முதலில் சொல்லிவிட வேண்டும், காரணம் அப்புறம். எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். இழுத்தால் வந்தவர்கள் மனக்கோட்டை கட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

அமெரிக்காவில் டொலீடோ நகரத்து ஓட்டல் மண்டபத்தில் விளையாட்டு நினைவுப்பொருள் கண்காட்சி. வெளியே பிப்ரவரிப் பனி சேறாகிக் கிடந்தது. ரோசான் என்ற பெண்மணி ஒரு காலுறைக்குள்ளிருந்து பேஸ்பால் பந்தை எடுத்து என் மேசையில் வைத்தாள். கையெழுத்து அழியாமலிருக்க யாரோ வார்னிஷ் பூசியதில் பந்து தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. பாழாய்ப்போன வார்னிஷ்! அந்தக் காலத்து அப்பாக்கள் எல்லோரும் இதைத்தான் செய்தார்கள். அதனடியில் பேனா மையில், 'எடிக்கு, கேல் பிரென்டிஸ்' என்றிருந்தது. பிரென்டிஸ் ஒரு காலத்தில் நட்சத்திர ஆட்டக்காரன்.

"எடி என் அண்ணன். ரத்தப் புற்றுநோய். அவன் செத்த அன்னிக்கு அப்பா ஆஸ்பத்திரில இல்ல. இந்தக் கையெழுத்து வாங்க மைதானத்துக்குப் போனேன்னார். அம்மா நம்பல. பார்ல குடிச்சிட்டு அவரே கிறுக்கிட்டு வந்துட்டார்னு, அவர் சாகிறவரைக்கும் முகங்குடுத்துப் பேசல."

"இப்ப எதுக்குமா இது?"

"அம்மாவுக்கு இனி கொஞ்ச நாள்தான். அப்பா பக்கத்துல புதைக்கலாமா வேணாமான்னு நீங்க சொல்றதைக் கேட்டுட்டுத்தான் சொல்வாங்களாம். லைன்ல இருக்காங்க."

போனை மேசைமேல் வைத்தாள். அதில் மூச்சிரைப்பு கேட்டது.

லென்ஸில் ஒரு பார்வையே போதுமாக இருந்தது. பிரென்டிஸ் அவசரக்காரன், பெயரின் பின்பாதியை விழுங்கிவிடுவான். இதிலோ ஒவ்வொரு எழுத்தும் நிதானமாக நின்றது. பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது.

"இது பிரென்டிஸ் போட்டது இல்ல."

"எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றது போன்.

"இருங்கம்மா, முடிக்கல! இது யார் எழுத்துன்னும் எனக்குத் தெரியும். ஆட்டக்காரங்க உடை மாத்துற அறையில ஷூ துடைச்சவன். பிரென்டிஸுக்குச் சோம்பல் வந்தா இவன்தான் போட்டுக் குடுப்பான். எத்தனையோ பாத்திருக்கேன். அந்த அறை வாசல்ல பந்தை நீட்டினாத்தான் இவன் கைக்குப் போகும். எடிங்கிற பேரும் இவன் எழுத்துதான். உங்க வீட்டுக்காரர் அங்க நின்னு பையன் பேரைச் சொல்லியிருக்கார்மா. ஏமாந்தது அவருக்கே தெரியாது."

ரோசான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"தம்பி, உங்களுக்கு நல்ல மனசு," என்றாள் கிழவி. "நான் நிம்மதியாப் போகட்டும்னு சட்டுனு ஒரு கதை கட்டிட்டீங்க. எங்க வீட்டுக்காரர் ஸ்டானும் இப்படித்தான், அழகா சொல்வார்."

"கதை இல்லம்மா, சத்தியமா..."

"ரோசான், என்னை எங்கக்கா பக்கத்துலயே போட்டுடுடீ."

லைன் அறுந்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ரோசான் பந்தைக் காலுறைக்குள் திணித்தாள். எழுந்தவள் தயங்கி நின்று, குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"என்கிட்ட மட்டும் சொல்லுங்க சார். அம்மாவுக்காகக் கட்டினதுதானே?"

இல்லை என்று சத்தியம் செய்தேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்து, நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.