தயிர் நுழையாத வீடு

மூக்கம்மாவின் வீட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வாங்கி வைத்த அரை லிட்டர் பால் ஆறு வருடம் கழித்தும் பாலாகவே இருந்தது. ஃபிரிட்ஜில் வைக்கவில்லை, மருந்து எதுவும் கலக்கவில்லை. சமையலறை ஜன்னலோரம், வெயில் படும்படி, ஒரு எவர்சில்வர் சொம்பில் தட்டுப் போட்டு மூடியிருந்தது. மூக்கம்மா என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. ஊர்க்கோடியில் இருந்த பால் குளிரூட்டும் நிலையத்தில் அவள் பரிசோதகர். காலையும் மாலையும் வரிசையில் வந்து நிற்கும் கேன்களின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தே இது தேறும், இது தேறாது என்று சொல்லிவிடுவாள். சந்தேகம் வந்தால்தான் கண்ணாடிக் குழாயை எடுப்பாள். தேறாத பாலைப் பின்பக்கக் கால்வாயில் கொட்டிவிடுவார்கள். பத்தொன்பது வருடத்தில் அவள் மூக்கு ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்பதால், கேன் கொண்டுவருகிறவர்கள் அவளை முகத்துக்கு நேரே மேடம் என்றும் முதுகுக்குப் பின்னால் மூக்கம்மா என்றும் சொன்னார்கள். கெட்ட பாலைக் கண்டுபிடித்தே பிழைக்கிறவள் வீட்டில் பால் கெடாமல் போனதை ஊர் வேடிக்கையாகப் பேசியது. அது எப்படி ஆரம்பித்தது என்பது அவளுக்குத் தெரியும், ஆனால் வெளியே சொல்லும்படியாக இல்லை.

அந்தத் தெருவில் யாரும் உறைமோருக்கென்று தனியாக எடுத்து வைப்பதில்லை. இருக்கிற தயிரை ஒட்டத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, மறுபடி பால் காய்ச்சி ஆறவைத்த பிறகு, கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டில் மிச்சம் இருக்கிறதோ அங்கே போவார்கள். கேட்டு வந்தவரிடம் இல்லை என்று சொன்னவர் அதுவரை யாருமில்லை. மூக்கம்மாவுக்கு எதிர்வீட்டில் அவளுடைய நாத்தனார் இருந்தாள். கணவருக்கு அக்கா, தையல்காரி, கல்யாணமே வேண்டாம் என்று தானாக முடிவுசெய்து மிஷினும் தானுமாக நிம்மதியாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தவள். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். ஒரு நாள் தம்பி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவள், தட்டில் ஓடிய தயிரைப் பார்த்து, வந்திருந்த விருந்தாளிகள் அத்தனை பேர் காதிலும் விழும்படி, "இதுல துணி அலசலாம் போலிருக்கே" என்று சொல்லிவிட்டாள். ஊர்ப் பாலுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிறவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஒரு வாரம் கழித்து அதே நாத்தனார் கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்று உறை கேட்டாள். "உறையா? எங்க வீட்ல உறையும் கிடையாது, தயிரும் கிடையாது. இருக்கறதெல்லாம் துணி அலசுற தண்ணிதான்" என்றாள் மூக்கம்மா. ஒரு சட்டி நிறையத் தயிர் அவளுக்குப் பின்னால் சமையல் மேடையில் இருந்தது. நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வெறும் கிண்ணத்தோடு தெருவைத் தாண்டிப் போய்விட்டாள். கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து பார்த்தால் சட்டியில் தயிர் இல்லை. முந்தின நாள் காய்ச்சிய பால் இருந்தது, அதுவும் வெதுவெதுப்பாக.

மூக்கம்மா லேசில் விடுகிற ஆள் இல்லை. எட்டு வீட்டில் உறை வாங்கி விட்டுப் பார்த்தாள், பால் அசையவில்லை. எலுமிச்சம்பழம் பிழிந்தாள், எலுமிச்சை வாசனையுள்ள பால் கிடைத்தது. கடைத் தயிரை வாங்கிவந்தால் வாசற்படியைத் தாண்டியதும் பாக்கெட்டுக்குள்ளேயே பாலாகிவிட்டது. இதெல்லாம்கூடப் போகட்டும், கணவர் விஷயம்தான் சிக்கல். அவர் குழாய் வேலை செய்கிறவர். சின்ன வயதிலிருந்தே பால் ஒத்துக்கொள்ளாது. அரை டம்ளர் உள்ளே போனால் வயிறு பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி இரைந்துவிட்டு அவரைக் கழிப்பறைக்கு விரட்டும். பாலில் இருக்கும் சர்க்கரையைச் செரிக்க அவர் வயிற்றுக்குத் தெரியாது, தயிரில் அதில் ஒரு பங்கைக் கிருமிகளே தின்றுவிடுவதால் தயிர் மட்டும் ஒத்துக்கொள்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே அவர் தெருவில் நின்று தயிர் சாப்பிட்டுப் பார்த்தார். சாப்பிட்டு உள்ளே வந்ததும் வயிற்றுக்குள் போன தயிர் பாலாகத் திரும்பிவிட்டது. டாக்டர் நம்பாமல் வீட்டுக்கே வந்து, அவர் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு, மூன்று முறை வாசற்படி ஏறி இறங்கச் சொன்னார். வெளியே அமைதி, உள்ளே இடி. அதன்பிறகு மறுபேச்சில்லாமல், தயிரை வீட்டுக்கு வெளியே சாப்பிடவும், மூன்று மணி நேரம் கழித்து உள்ளே செல்லவும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். மதியம் தயிர் சாப்பிட்டுவிட்டு வந்த உறவுக்காரர்கள் சிலர் பட்ட பாட்டுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு விருந்தாளிகள் வருவதும் நின்றுபோனது.

இரண்டாவது வருடத்தில் தெரு அந்த வீட்டைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டது. ஊருக்குப் போகிறவர்கள் பால் பாத்திரத்தை அங்கே வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு மாதம் கழித்து வந்து எடுத்துக்கொண்டார்கள். பாதித் தெருவில் ஃபிரிட்ஜை அணைத்து அதில் துணி மடித்து வைத்தார்கள். பிறகு நிலையத்து மேனேஜருக்கு ஒரு யோசனை வந்தது. திரிந்த பாலைக் கால்வாயில் கொட்டுவதற்குப் பதில் ஒரு கேனை அவள் வீட்டுக் கூடத்தில் அரை மணி நேரம் வைத்துப் பார்த்தார். மூக்கம்மா மூடியைத் திறந்து முகர்ந்தாள், தேறும் என்றாள். அன்றிலிருந்து கால்வாயில் ஒரு சொட்டுப் பால் விழவில்லை. வருடக்கணக்காக வெள்ளையாக நுரைத்து நாறிக்கொண்டிருந்த கால்வாய் ஒரே வருடத்தில் தெளிந்தது, மீன் வந்தது, மீனுக்குக் கொக்கு வந்தது, தவளைகள் வந்தன. நாற்றம் தாங்கவில்லை என்று மனுக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் தவளைச் சத்தம் தாங்கவில்லை என்று மனுக் கொடுத்தார்கள். சுகாதார ஆய்வாளர் இரண்டு நாள் தங்கிச் சோதித்தார். எல்லாப் பாலும் நல்ல பால் என்றே வந்தது. யாருக்கும் தெரியாமல் சோதிக்கலாம் என்று கால்சட்டைப் பையில் ஒரு பாலாடைக்கட்டியை வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தவர், முழங்கால் வரை நனைந்து வெளியே வந்தார். அறிக்கையில் ஈரப்பதம் அதிகம் என்று மட்டும் எழுதினார்.

ஊர் முட்டாள் இல்லை. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்ற நாளும் பால் கெடாமல் போன நாளும் ஒன்றுதான் என்பதை எல்லோரும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டார்கள். உலகத்தில் மற்ற இடங்களில் நாலு பேர் கூடிச் சண்டையைத் தீர்த்து வைப்பார்கள். இங்கே நாலு பேர் கூடி அதைப் பத்திரமாகப் பாதுகாத்தார்கள். பஸ்ஸில் இருவரும் ஒரே பக்கம் ஏறினால் நடுவில் ஒருவர் வந்து நின்றுகொள்வார். நாத்தனாருக்கு இருமல் என்றால், மூக்கம்மா விசாரிக்கக் கிளம்புவதற்குள் பத்து பேர் போய் விசாரித்துவிடுவார்கள். சண்டை கொஞ்சம் ஆறுகிற மாதிரி தெரிந்தால், அவள் உன்னை இப்படிச் சொன்னாள் என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பற்றவைக்க ஆள் இருந்தது. மேனேஜரே ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மேடம், உங்க குடும்ப விஷயத்துல தலையிடறேன்னு நெனைக்காதீங்க. அவங்ககூட மட்டும் பேசிடாதீங்க. கால்வாயப் பாத்தீங்கல்ல?" மூக்கம்மாவுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. தன் வீம்பால் ஒரு கால்வாயே சுத்தமானது என்று சொல்லிக்கொள்ள எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது?

பெருமை ஆறாவது வருடத்தில் தீர்ந்தது. குழாய்க்காரர் ஒரு சாதாரணக் குழாயைத் திருகும்போது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. டாக்டர் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, எலும்பில் சத்தே இல்லை, இனி ஒரு வேளை தயிர் போதாது, மூன்று வேளையும் சாப்பிட வேண்டும் என்றார். வேளைக்கு மூன்று மணி நேரம் வெளியே இருக்க வேண்டும், நடுவில் ஒற்றைக் கையோடு வேலைக்கும் போக வேண்டும் என்றால் அவர் வீட்டுக்கு வர நேரமே மிஞ்சவில்லை. கோபம், தாபம் எதுவும் இல்லாமல் ஒரு நாள் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "கை சரியாகற வரைக்கும் அக்கா வீட்ல இருக்கேன்" என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்குப் போனார். ஜன்னல் வழியாகக் கை காட்டுவார், கட்டுப்போட்ட கையை. இவளும் காட்டுவாள். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. வீட்டுக் குழாய்களை வேறு யாராலும் திறக்க முடியாதபடி இறுக்கி மூடுவார். அதற்காக அவரைத் திட்டாத நாள் கிடையாது. இப்போது குழாய்கள் சின்ன விரலால் தொட்டாலே திறந்துகொண்டன. ஒரு காலையில் அப்படித் திறந்த குழாயின் முன்னால் நின்று மூக்கம்மா அழுதாள். அவர் இல்லாத வீடு அவளுக்குப் பிடிக்கவில்லை. நாத்தனாரிடம் போய் நிற்பது அதைவிடப் பிடிக்கவில்லை. பதினேழு நாள் இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்தாள்.

பதினெட்டாம் நாள், விடுமுறை, உச்சிவெயில் நேரம், அவள் வெறுங்கையோடு தெருவில் இறங்கினாள். எங்கே போகிறாள் என்பது அவள் மூன்று அடி வைப்பதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரோ போன் செய்து மேனேஜர் செருப்புப் போடாமல் ஓடிவந்தார். "மேடம், உள்ள நாப்பது கேன் இருக்கு மேடம்!"

"நாப்பது கேன் இருக்கு. எங்க வீட்டுக்காரர் இல்லையே" என்றாள் மூக்கம்மா.

நாத்தனார் மிஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அண்ணி, அன்னைக்கு உறை இருந்துச்சு. இல்லன்னு பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றாள் நாத்தனார். "உன் முழங்கையில தயிர் ஒட்டியிருந்துச்சு."

"தெரிஞ்சும் ஏன் அண்ணி ஒரு வார்த்தை கேக்கல?"

"நீயே வந்து சொல்லுவேன்னு பாத்தேன். ரெண்டு நாள் ஆகும்னு நெனச்சேன். ஆறு வருஷம் ஆக்கிட்டே." மிஷின் நின்றது. "நானும் நாலு பேர் முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தண்ணியா இருந்தாலும் அதுல ஒரு ருசி இருந்துச்சு."

அதோடு இருவருக்கும் அழுகை வந்துவிட்டது. குழாய்க்காரர் சமையலறை வாசலில் கரண்டியும் கையுமாக, வெளியே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்.

இதற்குள் தெருவே மூக்கம்மா வீட்டுக்குள் புகுந்து நாற்பது கேனையும் திறந்து பார்த்துவிட்டது. எல்லாம் பாலாகவே இருந்தது. நாத்தனாரே ஒரு கிண்ணம் கெட்டித் தயிரை ஏந்திக்கொண்டு, மூக்கம்மா கையைப் பிடித்துக்கொண்டு, அந்த வாசற்படியைத் தாண்டினாள். தயிர் பாலாகித் தளும்பியது. இன்னும் இரண்டு முறை பார்த்தார்கள், அதேதான். சமாதானம் ஆகிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைப்பது மனிதர் வழக்கம். பாலுக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. மூக்கம்மாவின் முகம் வாடிவிட்டது. மேனேஜர் மட்டும் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டார். நாத்தனார் கிண்ணத்தை அங்கேயே ஒரு கேனில் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்: "வீடு அது இஷ்டத்துக்கு இருந்துட்டுப் போகட்டும். நீ உன் தலையணைய எடுத்துட்டு வா."

மூக்கம்மா எடுத்துக்கொண்டு போனாள். சாவியை நிலையத்தில் கொடுத்துவிட்டாள். இப்போது அந்த வீட்டில் பால் மட்டும் குடியிருக்கிறது. தபால்காரர் உட்பட எல்லோரும் அதைப் பால் வீடு என்கிறார்கள். எதிர்வீட்டில் பாலின் சூடு விரல் பொறுக்கும் அளவா, அதற்கும் குறைவா என்று மூக்கம்மாவும் நாத்தனாரும் தினமும் உறை விடும் நேரத்தில் சண்டை போடுகிறார்கள். தயிர் சில நாள் கெட்டியாகவும் சில நாள் ஓடும்படியும் வருகிறது. யார் கை என்று பார்த்தாலே தெரிந்துவிடும். குழாய்க்காரர் இரண்டையும் சாப்பிடுகிறார், மணிக்கட்டும் தேறிவிட்டது. எப்போதாவது பால் வீட்டில் சாக்கடைக் குழாய் அடைத்துக்கொண்டால் அவர்தான் கருவிப் பையோடு போக வேண்டும். அவர் வாசற்படியில் கால் வைக்கும்போது எதிர்வீட்டிலிருந்து இரண்டு பெண் குரல்கள் சேர்ந்தாற்போல் கேட்கும்: "வெறும் வயிறுதானே?"