நீலப் பைக்குப் பின்னால் நின்றவர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. சித்தப்பா கொண்டுவந்து என் மேசைமேல் போட்ட ஒரு புத்தகத்திலிருந்து வந்தது. போட்டார் என்றால் நிஜமாகவே போட்டார், தேநீர் சிந்திவிட்டது.

"நூத்தி முப்பத்தேழாம் பக்கத்தைப் படி" என்றார்.

எழுதியவர் ஒரு வெளிநாட்டுக்காரர். பாலம் கட்டும் பொறியாளர். நம் நாட்டில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஊர் திரும்பி, நாம் எப்படிச் சாப்பிடுகிறோம், எப்படிச் சண்டை போடுகிறோம், நம் அரசாங்கம் நம்மை எப்படி நடத்துகிறது என்றெல்லாம் இருநூற்றுச் சொச்சம் பக்கம் எழுதியிருந்தார். பெரும்பாலும் பாராட்டித்தான் எழுதியிருந்தார். அதுவே கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

அவர் மொழியை நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அந்தப் பக்கம், என் மொழிபெயர்ப்பில்:

"இந்த நாட்டில் மக்கள் வரிசையில் நிற்பதில்லை. பைகளை நிற்கவைத்துவிட்டு நிழலில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். அரசாங்கமும் பைகளை மதிக்கிறது. ஊருக்குத் திரும்ப அனுமதிச் சீட்டு வாங்கப் போன நான், ஒரு நீலப் பைக்குப் பின்னால் ஒரு முழுநாள் நின்றேன். மறுநாள்தான் மூன்றாம் ஜன்னலில் இருந்த பெண் என் தாளில் முத்திரை குத்தினாள். அவள் சிரிக்கவில்லை. இங்கே அரசாங்கத்துக்கு முகம் கிடையாது என்று அப்போது புரிந்தது."

மூன்றாம் ஜன்னலில் இருந்த பெண் என் சித்தி.

2

"நீயும் நாலு எழுத்து எழுதுறவன்தானே? நல்லா ஒரு வாங்கு வாங்கிவிடு. நாட்டையே சந்தி சிரிக்க வச்சிட்டான். போகட்டும், உங்க சித்திக்கு முகம் இல்லையாம். இருபத்தஞ்சு வருஷமா நான் பாத்துக்கிட்டு இருக்கிறது என்னவாம்?" இது சித்தப்பா.

சித்தி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். போன வருஷம்தான் ஓய்வு பெற்றாள். அந்தப் பக்கத்தை நான் வாசித்துக் காட்டியபோது ஒரு தலையணை உறையை மூன்று முறை மடித்துப் பிரித்து மடித்தாள். பாவம், மனசு புண்பட்டுப் போயிருக்கிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்:

"சிவந்த முகமும், முதுகில் மூட்டை போன்ற பையுமாக அந்த வெளிநாட்டுக்காரர், தண்ணீர் பாட்டிலை உறிஞ்சிக்கொண்டே, கண்ணில் பட்டதையெல்லாம் படம் பிடித்தபடி அலுவலகத்துக்குள்—"

"யாருடா இது?" என்றாள் சித்தி.

"அவர்தான் சித்தி."

"அவரு இப்படி இல்லையே. முகம் ஒண்ணும் சிவப்பா இல்ல. ஒல்லியா, ரெண்டு நாள் தூங்காதவர் மாதிரி இருந்தாரு. கையில ஒரு பிளாஸ்டிக் கவர், அதுல ஒரு தாளு. அவ்வளவுதான்."

"முதுகுப் பை?"

"பை இருந்திருந்தா அவரும் வரிசையில வச்சிட்டுப் போய் உக்காந்திருக்க மாட்டாராடா?"

அந்தத் தொடக்கத்தை அப்படியே பாதியில் விட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.*

(* நான் வெளிநாடு போனதில்லை. வெளிநாட்டுக்காரர் என்றதும் என் பேனாவிலிருந்து தண்ணீர் பாட்டிலும் படப்பெட்டியும் தானாக வந்து விழுகின்றன. எங்கிருந்து வருகின்றன என்று எனக்கே தெரியாது. இதை வைத்துக்கொண்டு நான் அவருக்குப் பதில் எழுதக் கிளம்பினேன்!)

3

கதைக்குள் போவதற்கு முன் பை வைக்கும் முறையைச் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், குற்றமில்லை. அலுவலகம் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். ஜனங்கள் ஏழுக்கே வந்துவிடுவார்கள். இரண்டு மணிநேரம் யார் கால்கடுக்க நிற்பது? பையையோ குடையையோ கோப்பையோ வரிசையில் வைத்துவிட்டு மரத்தடியில் போய் ஊர்க்கதை பேசுவார்கள். ஒருவர் தினமும் இடதுகால் செருப்பை மட்டும் வைத்துவிட்டுப் போவாராம். ஜன்னல் திறந்ததும் அவரவர் வந்து அவரவர் பொருளை எடுத்துக்கொண்டு நிற்பார்கள். ஆள் வரவில்லையென்றால் பின்னால் இருப்பவர் அந்தப் பையைத் தாண்டி முன்னே போகலாம். இது எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

இனி கதை.

மூன்றாம் ஜன்னல்காரி அவரைக் காலை பத்து மணிக்குப் பார்த்தாள். அவருக்கு முன்னால் ஏழெட்டுப் பேர், நடுவில் ஒரு நீலப் பை. பதினொன்றுக்குப் பார்த்தபோது அந்த ஏழெட்டுப் பேரும் போய்விட்டிருந்தார்கள். பை மட்டும் இருந்தது, அதற்குப் பின்னால் அவர். ஜிப் பிய்ந்த, வயிறு தொங்கிய ஒரு பை. அதற்குப் பின்னால் மனிதர் ஏதோ பெரிய அதிகாரிக்குப் பின்னால் நிற்பதுபோல் இடைவெளி விட்டு நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு முன்னே போனார்கள். அவரும் அவர்களைத் தனக்கு முன்பே இடம் பிடித்துவைத்தவர்கள் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்.

"அவரைக் கூப்பிடட்டுமா?" என்று பக்கத்து ஜன்னல்காரரிடம் கேட்டாள்.

"ஐயையோ, வேண்டாம் மேடம். அவங்க ஊர்ல வரிசைன்னா உயிரு. முறை தப்பிக் கூப்பிட்டா அவமானமா எடுத்துக்குவாங்க. அப்புறம் ஊருக்குப் போய் நம்மள என்னன்னு எழுதுவாங்களோ!"

அவளும் அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தாள். அந்த ஊரில் நாய்கூட வரிசையில்தான் வருமாம், பக்கத்து ஜன்னல்காரரின் மச்சான் சொன்னது. சரி, விருந்தாளியின் விருப்பத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டாள். விட்டது மட்டுமா? ஒழுங்கு தெரியாமல் ஜன்னலில் முட்டி மோதிய நாலு பேரிடம், "அவரைப் பாத்துக் கத்துக்குங்க, எவ்வளவு பொறுமையா நிக்கிறாரு" என்று எடுத்துக்காட்டு வேறு சொன்னாள்.

மத்தியானம் அவர் பொறுக்கமாட்டாமல் காவலாளியிடம் பையைக் காட்டி ஏதோ கேட்டார்.

"அங்க ஆள் இருக்காரு சார்" என்றார் காவலாளி.

அவர் பையைப் பார்த்தார். காவலாளியைப் பார்த்தார். மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் பழைய இடத்திலேயே போய் நின்றார். நாலு மணிக்கு மூன்றாம் ஜன்னலின் கதவு இறங்கியது.

(அந்தப் பைக்கு இன்றுவரை ஆள் வரவில்லை. உள்ளே ஒரு குடையும் ஒற்றைக் காலுறையும் இருந்ததாம். கதைக்கு ஆகாத தகவல், ஆனால் விட மனசில்லை.)

4

மறுநாள் அவர் எல்லோருக்கும் முன்னால் வந்து முதல் ஆளாக நின்றார். இப்போது முத்திரை குத்தும் கட்டம். சித்தி ஏன் சிரிக்கவில்லை என்பதற்கு ஒரு காரணம் வேண்டும் அல்லவா? நான் எழுதினேன்:

"முந்தைய வாரம்தான் அவளுடைய முன்பல் உடைந்திருந்தது. அதனால்தான் வாயைத் திறக்காமல்—"

சித்தி என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி அந்த வரியை அடித்தாள்.

"எனக்குப் பல்லெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

"வாசகர் சிரிப்பாங்க சித்தி, உங்க பேரும் கெடாது."

"என் பேருக்கு என்னடா இப்போ? சிரிக்கலன்னு எழுதினாரு. சிரிக்கலதான். அதுல என்ன பொய்?"

"பின்ன ஏன் சிரிக்கல?"

பேனாவை மூடினாள். திறந்தாள். பிறகு சொன்னாள்.

"அந்தத் தாள்ல ஆறாவது கட்டம், எதுக்காக ஊருக்குப் போறீங்கன்னு கேட்டிருக்கும். அதுல நம்ம மொழியிலயே எழுதியிருந்தாருடா, கோணல்மாணலா. அம்மா. ஆஸ்பத்திரி. சீக்கிரம். மூணே வார்த்தை. முந்தின நாள் முழுக்க அந்தத் தாளைக் கையில வச்சுக்கிட்டு என் கண்ணு முன்னாடிதான் நின்னாரு. நான் அவரைக் காட்டி மத்தவங்களுக்குப் பாடம் எடுத்துக்கிட்டு இருந்திருக்கேன். எனக்கு அந்த நேரம் சிரிப்பா வரும்? மன்னிச்சுக்குங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுகூட வரல. முத்திரையைக் குத்திக் கையில குடுத்துட்டேன்."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா உள்ளே வந்தார்.

"ஒன்பது வருஷமா இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க ஆபீஸ்ல என்ன நடந்துச்சுன்னு கேக்கவேயில்லையே" என்றாள் சித்தி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அவங்க அம்மாவைப் போய்ப் பாத்தாரா, இல்லையா? அந்தப் புத்தகத்துல போட்டிருக்கா? அதைத்தான்டா கேக்கணும்னு இருந்தேன்."

துணி மடித்தபோது அவள் யோசித்துக்கொண்டிருந்தது இதைத்தான். நானும் சித்தப்பாவும் அவளுடைய மானத்தைக் காப்பாற்றக் கச்சை கட்டிக்கொண்டு நின்றோம். வெட்கமாகப் போய்விட்டது.

புத்தகத்தைப் புரட்டினேன். நூற்று முப்பத்தேழு முத்திரையோடு முடிகிறது. நூற்று முப்பத்தெட்டில் புது அத்தியாயம். அவர் ஊரில் பனி கொட்டுகிறது, அவர் நம் ஊர்ப் பேருந்துகளின் ஹாரன் சத்தத்தைப் பற்றி எழுதுகிறார். அம்மா எங்குமே இல்லை.

5

இல்லாவிட்டால் என்ன? நான் எதற்கு இருக்கிறேன்? கதைக்காரனிடம் முடிவுக்கா பஞ்சம்?

முதல் முடிவு: விமானம் தரையிறங்குகிறது, அவர் ஓடுகிறார், அம்மா கண்விழித்து அவர் கையைப் பிடிக்கிறாள்.

"உனக்கென்ன, உக்காந்த இடத்துல காப்பாத்திட்ட" என்றாள் சித்தி.

இரண்டாம் முடிவு: ஒரே ஒரு நாள் தாமதம். எல்லாம் முடிந்துவிட்டது. ஆனாலும் அவர் நம்மை மன்னித்து, பாராட்டிப் புத்தகம் எழுதுகிறார்.

"செத்துட்டாங்கன்னு எழுத உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு? அதுவும் நம்மள மன்னிச்சுட்டாருன்னு நீயே எழுதிக்குவியா? நல்லா இருக்குடா நியாயம்!"

மூன்றாம் முடிவு: அம்மாவுக்கு வெறும் வயிற்றுவலி. மகனைப் பார்த்ததும், "இதுக்குப் போய் வேலையை விட்டுட்டு ஓடி வந்தியா?" என்று திட்டுகிறாள்.

இதைக் கேட்டு சித்தி வாய்விட்டுச் சிரித்தாள். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆகா, கதை முடிந்தது என்று தாள்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"இது நல்லாயிருக்கு. ஆனா இது பொய்டா" என்றாள்.

"கதைன்னாலே பொய்தானே சித்தி?"

"உனக்குக் கதை. அந்த ஜன்னல்ல உக்காந்திருந்தது நான்."

6

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பதிப்பகத்தின் முகவரி இருந்தது. சித்தி கடிதம் எழுதினாள். அவர் மொழியில் பெயர்த்துத் தருகிறேன் என்றேன், கொஞ்சம் நயமாக்கித் தருகிறேன் என்றேன், இரண்டும் வேண்டாம் என்றுவிட்டாள். "அவருக்கு நம்ம எழுத்து தெரியும்." நான் செய்ததெல்லாம் உறையில் முகவரி எழுதியது மட்டும்தான். கடிதம் இவ்வளவுதான்:

"ஐயா, மூன்றாம் ஜன்னலில் இருந்தது நான்தான். ஆள் இல்லாத பையைத் தாண்டி வரலாம். அதை உங்களிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் அம்மாவைப் பார்த்தீர்களா?"

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது, தடித்த உறையில். சித்தியின் பெயர் கோணல்மாணலான நம் எழுத்தில் இருந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் சித்தப்பாவும் கூடத்தில், பிரசவ வார்டுக்கு வெளியே காத்திருப்பவர்களைப்போல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா அணைந்திருந்த தொலைக்காட்சியைக் கால்மணி நேரம் பார்த்தார்.

சித்தி வெளியே வந்தாள்.

"என்ன சித்தி? பாத்தாராமா?"

"அது எனக்கு எழுதின லெட்டர்டா."

"கதை பாதியில நிக்குது சித்தி. படிக்கிறவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

"அவங்க என்ன அந்த ஜன்னல்லயா உக்காந்திருந்தாங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

வாசகரே, அவள் முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். அதைப் பார்த்து அவர் அம்மாவைப் பற்றி என்ன தோன்றியது என்று மூன்று வாக்கியம் எழுதிவிட்டு, மூன்றையும் அடித்துவிட்டேன். சித்தப்பாவும் பார்த்தார். அவருக்கு வேறு மாதிரி தோன்றியிருக்கிறது. நீங்கள் பார்த்திருந்தால் உங்களுக்கு இன்னொன்று தோன்றியிருக்கும். உங்களுடையதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தயவுசெய்து அச்சில் போட்டுவிடாதீர்கள்.

"நல்ல தாளா நாலு குடு. பதில் எழுதணும்" என்றாள்.

என்னிடம் நாலு நல்ல தாள்கள் இருந்தன. இந்தக் கதையின் முடிவுக்கென்று எடுத்து வைத்திருந்தவை. கொடுத்துவிட்டேன். மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கதவு லேசாகத் திறந்தது, தாள் போதவில்லை, இன்னும் இரண்டு வேண்டும் என்று கேட்டாள்.