இயக்குநரோடு ஒரு மணி நேரம்

வானொலி நிலையத்தின் மானியம் பாதியாகக் குறைந்ததும் இயக்குநர் செய்த முதல் சிக்கனம், வரவேற்பறைக்குப் புது சோபா வாங்கியது. வருகிறவர்களுக்கு நிலையத்தின் கஷ்டம் தெரியக்கூடாதாம். அடுத்து, காலை உள்ளூர்ச் செய்திக்குக் கத்தி விழுந்தது. எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் வரும், எந்தச் சாலை அடைப்பு என்பதற்கெல்லாம் ஒரு நிகழ்ச்சியா, மக்களின் சிந்தனையை உயர்த்த வேண்டாமா என்றார். அதை வாசித்துவந்த அறிவிப்பாளருக்கு மாதக் கடைசியோடு வேலை இல்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லி முடித்தார். அவள் வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

காலியான இடத்தில் 'இயக்குநரோடு ஒரு மணி நேரம்' ஏறி உட்கார்ந்தது. நேயர்கள் தொலைபேசியில் கேட்பார்கள், இவர் நேரலையில் பதில் சொல்வார். யாராவது கேட்பார்களா என்ற சந்தேகம் அவருக்கே இருந்திருக்க வேண்டும். மனைவிக்கும் மச்சானுக்கும் கேள்விகளை எழுதியே கொடுத்துவிட்டார். அழைப்புகளை இணைக்கும் வேலை அறிவிப்பாளர் தலையில் விழுந்தது.

மச்சான் பிசகாமல் ஒப்பித்தார். இயக்குநர் கூச்சப்படுகிறவர்போல் இருமிக்கொண்டார். அடுத்தது மனைவி.

"வணக்கம் சார். உங்க தொலைநோக்குப் பார்வையில..." குரல் நின்றது. பின்னால் ஒரு குடம் உருண்டது. "அது கெடக்கட்டுங்க. நம்ம தெருவுக்கு இன்னிக்குத் தண்ணி எப்ப? தொட்டி காஞ்சு கெடக்கு. நீங்க பாட்டுக்குக் குளிச்சிட்டுக் கெளம்பிட்டீங்க."

தண்ணீரைப் பற்றி நாம் ஆழமாகச் சிந்திக்க வேண்டும் என்றார் இயக்குநர்.

"சிந்திச்சா குடம் ரொம்புமா? காலையில சொல்லுமே அந்தப் பொண்ணு, அதைக் கூப்பிடுங்க."

ஒலிபரப்பு அறையின் கண்ணாடிக்கு அப்பாலிருந்து, உள்ளே வா என்று இயக்குநர் கையை ஆட்டினார். அறிவிப்பாளர் அவசரப்படவில்லை. பொத்தானை அழுத்தி, அவர் காதில் மட்டும் விழும்படி கேட்டாள்:

"மாசக் கடைசியோட எனக்கு வேலை இல்லன்னீங்களே சார்?"

அவர் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார்.

"தலையை ஆட்டினா ரேடியோவுல கேக்காது சார். நேயர்கள்கிட்ட சொல்லிடுங்க."

உள்ளூர்ச் செய்தியும் அதை வாசிப்பவரும் இந்த நிலையத்தில் என்றும் தொடர்வார்கள் என்று இயக்குநர் ஊருக்கே அறிவித்தார். அதன் பிறகுதான் அவள் குடிநீர் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, உள்ளே போய் மைக் முன்னால் உட்கார்ந்தாள்.

உள்ளூர்ச் செய்தி மறுநாளே திரும்பியது. அது இயக்குநரின் தொலைநோக்கில் உதித்த புதுத் திட்டம் என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. அதைத் தட்டச்சு செய்தவளும் அவள்தான். எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தாள்.