கீழே போன கிளச்

...மறுபடியும் கீழே போய்விட்டது, மிதித்த கிளச் மிதித்தபடியே கிடக்கிறது, மேலே வரமாட்டேன் என்கிறது, பின்னால் லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான், அடிக்கட்டும், ஒருவாறு காரை உருட்டி 401 நெடுஞ்சாலையின் கரையில் விட்டுவிட்டேன். இது மூன்றாம் தரம். முதல் தரம் என் முழங்காலைத்தான் குற்றம் சொன்னேன், அறுபத்தேழு வயது முழங்கால். இரண்டாம் தரம் காலடியில் கிடந்த விரிப்பை. மெக்கானிக் றொனால்ட் இரண்டு தரமும் மிதித்துப் பார்த்துவிட்டு, “ஒரு பிழையும் இல்லை அண்ணை, புதுசு மாதிரிக் கிடக்கு” என்றான். இன்றைக்கு யாரைக் குற்றம் சொல்வது? பிறம்ரனில் ஒருவன் இதை வாங்கக் காத்திருக்கிறான். என் மகன் மிதுனன் வேகத்துக்கு ரேர்போ பூட்டி, சைலன்சரை மாற்றி, சீற்றையும் மாற்றி, ஆசை ஆசையாகச் செய்த கார், அதை என் கராஜில் விட்டுவிட்டு அவன் கல்கரிக்குப் போய் இரண்டு வருடமாகிறது. ஏன் போனான்? தெரியாதவன் போலக் கேட்கிறேன் பார்.

என் மனைவி மங்கையற்கரசியின் செத்தவீட்டன்று, எங்களோடு வா என்றேன், “அம்மா விரும்பி ஏறின கார், அதிலயே வாறன் அப்பா” என்றான், ஒரே மகன், கொள்ளி வைக்க வேண்டியவன். இங்கே தகனசாலையில் கொள்ளி என்றால் ஒரு பொத்தான், அதை அமத்த வேண்டும், அவ்வளவுதான், ஆனாலும் அது மகனுடைய விரலாக இருக்க வேண்டாமா... எல்லாரும் வந்து சேர்ந்தார்கள், அவன் வரவில்லை. ஃபோன் வந்தது, கிளச் கீழே போய்விட்டதாம், பொறுக்கட்டாம். தாயின் செத்தவீட்டிலும் கார்க் கதையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, என் தம்பியின் மகனைக் கூப்பிட்டுப் பொத்தானை அமத்தச் சொன்னேன். எல்லாம் முடிந்த பிறகு மிதுனன் வேட்டியோடு ஓடி வந்தான். நான் என்ன செய்தேன்? சனம் பார்க்கப் பார்க்க அவனுடைய காருக்குள் ஏறிக் கிளச்சை மிதித்தேன், ஒரு தரமல்ல, நாலைந்து தரம், கல்லுப்போல நின்றது. பொய்க்காரன் என்றேன். அவன் என்னுடைய காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இப்போது கரையில் நின்றபடி அவனுக்கு ஃபோன் எடுத்தேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு... “ஓம், அப்பா” என்றான். “கிளச் கீழ போயிட்டுது தம்பி” என்றேன். அவன் சொன்னான், “ரேர்போவின்ர சூட்டில கிளச் ஒயில் கொதிக்குது, அதுதான். பிறகுதான் எனக்கும் விளங்கினது. என்ஜினை நிப்பாட்டிப்போட்டு இருங்கோ, ஆறினவுடனே தானா மேல வரும், அரை மணித்தியாலம் காணும்.” கோபமே இல்லாத குரல், முன்பின் தெரியாத ஆளுக்கு வழி சொல்கிற குரல், கோபித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் எடுத்தேன், “சாப்பிட்டியோ” என்று கேட்டேன். “வேலையில நிக்கிறன், வைக்கட்டோ அப்பா?” வைத்துவிட்டான். அரை மணித்தியாலம்... அன்றைக்குத் தகனசாலைப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த குடும்பம் வரப் பிந்துகிறது, விரும்பினால் இன்னும் அரை மணித்தியாலம் பொறுக்கலாம் என்றாள். வேண்டாம் என்றேன். அது மிதுனனுக்குத் தெரியாது.