தானாகப் போன விசாரிப்பு

வேலைக்காக வெளியூர் போன ஒரே மகன், இரண்டு வருஷமாகத் தினமும் காலை எட்டேகாலுக்கு, 'அம்மா, சாப்பிட்டியா?' என்று செய்தி அனுப்பிவந்தான். ஒருநாள்கூடத் தப்பியதில்லை. தையல்காரியான அம்மா, தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி பூரித்துப்போவாள். செய்தி வந்ததும் மெஷினை நிறுத்திவிட்டு, ஒற்றை விரலால் தட்டித்தட்டிப் பதில் எழுதுவாள். என்ன சாப்பிட்டாள், யார் கால்சட்டையைக் குட்டையாக வெட்டித் தொலைத்தாள், மாடி வீட்டுக்காரி எதற்குச் சண்டைக்கு வந்தாள், எல்லாம்.

நான்கு நாள் லீவில் வந்த மகன், மறுநாள் காலை அவள் எதிரே உட்கார்ந்து ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் போன் உள்ளறையில் சார்ஜில் கிடந்தது. அப்போது அவள் போன் சிணுங்கியது. 'அம்மா, சாப்பிட்டியா?'

செய்தியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"இதை யாருடா அனுப்பினா?"

"அதுவா? தானா போகும்மா. வேலைல மறந்துடக் கூடாதுன்னு செட் பண்ணி வச்சிருக்கேன்."

ஏதோ நல்ல காரியம் செய்தவன்போல ரொட்டியைப் பிய்த்தான்.

"அப்ப நான் எழுதினதெல்லாம்?"

"நேரம் கிடைக்கும்போது மொத்தமா பார்ப்பேன்."

"போன மாசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு எழுதினேனே. எந்தக் கால்ல அடி?"

மெல்லுவதை நிறுத்தினான். அவன் கண் மேசைக்கு அடியில் அவள் காலைத் தேடியது.

அவளுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. கால் வீங்கிக் கிடந்த மறுநாளும் அதே செய்திதான் வந்தது. பிள்ளைக்கு அங்கே என்ன நெருக்கடியோ என்று அவனுக்காகப் பரிதாபப்பட்டு, படுத்தபடியே பதில் எழுதியவள் அவள்.

"இவ்வளவு நாளா ஒரு மெஷின்கிட்ட பேசிட்டு இருந்திருக்கேன். அதுக்கு என் தையல் மெஷினே போதும்டா. அது சோறாவது போடுது."

"அக்கறை இல்லாமலாம்மா செட் பண்ணினேன்?"

"செட் பண்ண எவ்வளவு நேரமாச்சு?"

"ரெண்டு நிமிஷம்."

"ரெண்டு வருஷத்துக்கு ரெண்டு நிமிஷம். அதை நிறுத்து. இப்பவே, என் கண் முன்னாடி."

போனை எடுத்துவந்து நிறுத்தினான். இருந்த நாள்வரை ஆக்கிப் போட்டாள், முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவன் கிளம்பிப் போன பத்தாம் நாள், ஒரு கோட்டின் காலரைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவன்தான்.

"என்ன?"

"சும்மாதான்மா..." என்று இழுத்தான்.

"பேச வரலைன்னா திட்டாவது வாங்கிக்கோ" என்று ஆரம்பித்தாள். இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துவைத்துத் திட்டினாள். காலரை மூலையில் விசிறிவிட்டுத் திட்டினாள். அவன் போனை வைத்துவிடவில்லை. நடுநடுவே 'ம்' கொட்டினான்.

அவள் தொண்டை வறண்டு நின்றபோது, "தினமும் எத்தனை மணிக்குக் கூப்பிடட்டும்?" என்றான்.

"மணி கிணியெல்லாம் வைக்காதே. என் நெனப்பு வந்தா கூப்பிடு. வரலையா, விட்டுடு. பொய்யா மட்டும் விசாரிக்காதே."

வைத்துவிட்டாள். கோபம் இன்னும் இறங்கவில்லை. காலர் எங்கே போய் விழுந்ததென்று தேட எழுந்தாள்.